கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி? வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

நுண்ணுயிரியல் லேபில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் போன் இது. "மேடம், யூரின் கல்ச்சர்ல கிளெப்சியெல்லா வந்திருக்கு. எல்லாத்துக்கும் ஆர் போட்டிருக்கீங்க. கொலிஸ்டின் ஆரம்பிச்சிடட்டுமா?" நான் பதிலுக்கு, "நோயாளி எப்படி இருக்கிறார்?" என்று கேட்பேன். மறுமுனையில் கொஞ்சம் தயக்கம். "நல்லா இருக்கார் மேடம். காய்ச்சல் இல்லை. நாளைக்கு டிஸ்சார்ஜ்." "கதீட்டர் இருக்கா?" "இருக்கு. மூணு வாரமா இருக்கு."

சாம்பிளில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பதுதான் கல்ச்சர். ரிப்போர்ட்டில் ஒரு மருந்துக்கு எதிரே ஆர் என்றால் கிருமி அதற்கு அடங்காது, எஸ் என்றால் அடங்கும். அந்த நோயாளிக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் வேண்டாம். கதீட்டரை எடுத்துவிட்டால் போதும். உள்ளே கிடக்கும் சிறுநீர்க் குழாயில் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதம் ஆகிவிட்டால் ஏறக்குறைய எல்லோர் சிறுநீரிலும் ஏதோ ஒன்று வளரும். கிருமி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. அந்த போன் வராமலேயே மருந்து ஏறியிருந்தால், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய ஒரு மருந்து, அது தேவையே இல்லாத ஒருவருக்குப் போயிருக்கும்.

ஹவுஸ் சர்ஜன்களையும் புதிதாக வார்டுக்கு வந்த செவிலியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து, எவ்வளவு டோஸ் என்ற பட்டியல் இதில் இருக்காது. அது உங்கள் மருத்துவமனையின் வழிகாட்டுதலில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். இத்தனை வருடங்கள் ரிப்போர்ட் எழுதியதில் நான் கண்டது ஒன்று உண்டு. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நடக்கும் தவறுகள் குறைவு. சாம்பிள் எடுக்கும்போதும், மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாளிலும்தான் அதிகம் தவறுகிறோம். அந்த இரண்டு இடங்களிலும் உங்களைக் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்திவைக்கப் போகிறேன்.

முதல் படி: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் கடந்தபின் தொடங்கும் தொற்றைத்தான் மருத்துவமனைத் தொற்று என்று கணக்கில் எடுப்பது வழக்கம். சேரும்போதே உள்ளே ஊறிக்கொண்டிருந்த நோய் இதில் வராது. முக்கியமான வாசல்கள் நான்கு: சிறுநீர்க் கதீட்டர், வென்டிலேட்டர் குழாய், பெரிய இரத்தக் குழாயில் போடும் சென்ட்ரல் லைன், அறுவை சிகிச்சைக் காயம். நான்கிலும், உடம்பு தானாக மூடி வைத்திருந்த ஒரு எல்லையை நாம் திறந்திருக்கிறோம்.

திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடும். கிராம் ஸ்டெயின் என்ற சாயம் ஏற்றிப் பார்த்தால் பாக்டீரியாக்கள் இரண்டு வகையாகப் பிரியும். கிராம் பாசிட்டிவ் பக்கம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், என்டரோகாக்கஸ். கிராம் நெகட்டிவ் பக்கம் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர். இன்றைக்குத் தூக்கத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வரிசையில் இருப்பவைதான்.

மருந்தை இவை எதிர்க்கும் வழிகள் அடிப்படையில் நான்கு. மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் செய்யும். மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தின் வடிவத்தை மாற்றிவிடும். உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும். மருந்து நுழையும் துளைகளை அடைத்துவிடும். ஒரே கிருமி இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்தே செய்வதும் உண்டு.

இதில் நீங்கள் மறக்கவே கூடாத விஷயம் பிளாஸ்மிட். எதிர்ப்புக்கான மரபணுக்களைச் சுமந்துகொண்டு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் சிறிய டி.என்.ஏ. வளையம் அது. இனம் விட்டு இனமும் தாவும். இன்று கிளெப்சியெல்லாவிடம் இருப்பது நாளை ஈ.கோலையிடம் போய்ச் சேரலாம். ஒரே வளையத்தில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருக்கும். அதனால் ஒரு மருந்தை அதிகம் பயன்படுத்தினால், தொடவே தொடாத வேறு மருந்துக்கான எதிர்ப்பும் கூடவே வளர்ந்து வரும்.

ஆன்டிபயாடிக் எதிர்ப்பை உண்டாக்குகிறது என்று பேச்சில் சொல்கிறோம். சரியாகச் சொன்னால் அது வடிகட்டுகிறது. நுரையீரல் தொற்றுக்கு என்று நாம் கொடுக்கும் ஊசி குடலில் இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் மீதும் படுகிறது. அங்கே மருந்துக்கு அடங்குபவை செத்து, அடங்காத சில மட்டும் மிஞ்சி, காலியான இடம் முழுக்கப் பெருகுகின்றன. பென்சிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வரும் முன்பே, 1940இல், அதை அழிக்கும் நொதியை ஆபிரகாமும் செயினும் ஒரு பாக்டீரியாவில் கண்டு எழுதிவிட்டார்கள். அந்த நொதிக்கு மசியாத மருந்தாக மெதிசிலின் வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் எம்ஆர்எஸ்ஏ. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்து எதிர்ப்பு பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக இருந்த மரணங்கள் உலக அளவில் சுமார் 12.7 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவை ஏதோ ஒரு வகையில் தொடர்புபட்ட மரணங்கள் சுமார் 49.5 லட்சம்.

இரண்டாம் படி: சாம்பிள்

என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. சாம்பிள் சரியில்லை என்றால், அதற்குப் பிறகு லேபில் எத்தனை நவீன இயந்திரம் இருந்தாலும் பயனில்லை.

முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன்பு இரத்தக் கல்ச்சர் எடுங்கள். மருந்து ஏறிய பிறகு எடுத்தால் கிருமி உள்ளே இருந்தும் பாட்டிலில் வளராமல் போகலாம். அப்புறம் இரண்டு வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு சிகிச்சை செய்ய வேண்டியதுதான். நோயாளி ஷாக்கில் (இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிந்த நிலையில்) இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போயாக வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் கல்ச்சர் எடுப்பது சில நிமிட வேலை. ஒரு கை மருந்தைக் கலக்கும் நேரத்தில் இன்னொரு கை இரத்தம் எடுத்துவிடலாம்.

பெரியவர்களுக்கு இரண்டு செட், இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து. ஒரு செட் என்றால் காற்றோடு வளரும் கிருமிக்கான ஏரோபிக் பாட்டில் ஒன்று, காற்றில்லாமல் வளரும் கிருமிக்கான அனரோபிக் பாட்டில் ஒன்று. ஒவ்வொரு பாட்டிலிலும் 8 முதல் 10 மி.லி. இரத்தம். "ரெண்டு மி.லி. தான் வந்தது, போட்டுட்டேன்" என்று வரும் பாட்டில்களைப் பார்க்கும்போது மனம் கனக்கும். செப்சிஸில் (தொற்று உடம்பு முழுவதையும் பாதிக்கும் நிலையில்) இருக்கும் பெரியவரின் இரத்தத்தில் ஒரு மி.லி.க்கு ஒரு கிருமிகூட இல்லாமல் இருக்கலாம். அளவு குறைந்தால் கிருமி சிக்கும் வாய்ப்பும் குறையும். (குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவு. அதற்குத் தனி பாட்டிலும் உண்டு.)

தோலை ஆல்கஹால் கலந்த குளோரெக்சிடினால் 30 விநாடி அழுத்தித் தேய்த்து, தானாகக் காய விடுங்கள். ஊதக் கூடாது, துடைக்கக் கூடாது. காய்ந்த பிறகு இரத்தக் குழாயைத் தேடி மறுபடி விரலால் தொடாதீர்கள். பாட்டில் மூடியைக் கழற்றியதும் கீழே தெரியும் ரப்பர் சுத்தமானது என்று பலர் நினைக்கிறார்கள். அது சுத்தமானதல்ல, அதையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பட்டர்ஃபிளை ஊசியில் எடுத்தால் முதலில் ஏரோபிக் பாட்டிலை நிரப்புங்கள். குழாயில் இருக்கும் காற்று அதற்குள் போனால் பாதகமில்லை, அனரோபிக் பாட்டிலுக்குள் போகக் கூடாது. சென்ட்ரல் லைன்தான் காரணமோ என்ற சந்தேகம் இருந்தால் லைனிலிருந்து ஒரு செட், கையிலிருந்து ஒரு செட், ஒரே நேரத்தில், ஒரே அளவில் எடுங்கள். எது எங்கிருந்து என்று பாட்டில் மேலேயே எழுதுங்கள். லைன் பாட்டில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாகப் பாசிட்டிவ் ஆனால், குற்றவாளி லைன்தான் என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைத்துவிடும்.

லேபிளை நோயாளியின் படுக்கை அருகிலேயே ஒட்டுங்கள். நான் பயிற்சியில் இருந்தபோது பக்கத்துப் பக்கத்துப் படுக்கைக்காரர்களின் பாட்டில்கள் மாறிவிட்டன. தேவையில்லாத ஒருவருக்கு மூன்று நாள் வான்கோமைசின் ஏறியது, தேவைப்பட்டவருக்கு ஏறவில்லை. இரண்டு பேரும் தப்பித்தார்கள். ஆனால் நர்சிங் மேசையில் மொத்தமாக வைத்து லேபிள் ஒட்டும் காட்சியைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பதறும்.

இரத்தப் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. சிறுநீர் அதற்கு நேர் எதிர். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர முடியாது என்றால் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாலு கிருமி நாலு லட்சமாகி, இல்லாத தொற்றைக் காட்டும். கதீட்டர் போட்டவரிடம் சாம்பிள் போர்ட்டைத் துடைத்து அதிலிருந்து எடுங்கள். பையிலிருந்து ஒருபோதும் வேண்டாம். கதீட்டர் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகி, தொற்று என்று சந்தேகமும் இருந்தால் முதலில் கதீட்டரை மாற்றி, புதியதிலிருந்து எடுங்கள். கழற்றிய சிறுநீர்க் கதீட்டரின் நுனியை வெட்டி அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை வைத்து எங்களால் எதுவும் சொல்ல முடியாது.

காயத்தில் மேலாக ஒத்தி எடுத்த பஞ்சைவிட, சுத்தம் செய்தபின் உள்ளிருந்து எடுத்த திசுவோ சிரிஞ்சில் இழுத்த சீழோ பல மடங்கு மேல். சளி என்ற பெயரில் எச்சில் வந்தால், மைக்ராஸ்கோப்பில் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிடும். வாயின் தோல் செல்கள் நிறைந்த சாம்பிளைத் திருப்பி அனுப்பினால் கோபிக்காதீர்கள், நோயாளியின் நன்மைக்காகத்தான் அது.

இன்னொன்று, கோரிக்கைப் படிவத்தில் "காய்ச்சல்" என்று மட்டும் எழுதாமல் என்ன சந்தேகம், என்ன குழாய் எத்தனை நாளாக இருக்கிறது, எந்த ஆன்டிபயாடிக் ஏற்கெனவே ஏறுகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியை வைத்துத்தான் நாங்கள் எதைத் தேடுவது, எதை ஒதுக்குவது என்று முடிவு செய்கிறோம்.

மூன்றாம் படி: காத்திருக்கும் நேரத்தில்

லேபில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரத்தப் பாட்டில் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருக்கும். கிருமி வளர்ந்தால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில் எச்சரிக்கை வரும். உடனே கிராம் ஸ்டெயின் செய்து வார்டுக்கு போன் செய்வோம். அந்த போனை எடுப்பவர் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதி, டியூட்டி டாக்டரிடம் நேரில் சொல்ல வேண்டும். "கிராம் நெகட்டிவ் பேசிலை" (கோல் வடிவக் கிருமிகள்) என்ற ஒரே ஒரு தகவலை வைத்தே சிகிச்சை மாறலாம். கிருமியின் பெயர் அடுத்த நாளுக்குள் தெரிந்துவிடும். சென்சிடிவிட்டி இன்னும் ஒரு நாள் எடுக்கும், ஏனென்றால் மருந்துக்கு எதிரில் கிருமியை மறுபடி வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தை நாங்கள் நினைத்தாலும் பெரிதாகச் சுருக்க முடியாது.

நான்காம் படி: ரிப்போர்ட்டைப் படிக்கும் வரிசை

ரிப்போர்ட் வந்ததும் எல்லோர் கண்ணும் நேராக எஸ், ஆர் பத்திக்குத்தான் ஓடும். தயவுசெய்து அந்தப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு மேலிருந்து படியுங்கள்.

என்ன சாம்பிள், என்றைக்கு எடுத்தது? ஐந்து நாள் பழைய சளி ரிப்போர்ட் இன்றைய காய்ச்சலுக்குப் பதில் சொல்லாது. அடுத்தது, வளர்ந்திருப்பது யார்? தோலில் சாதாரணமாக வாழும் கோயகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ் இரண்டு செட்டில் ஒன்றில் மட்டும் வந்திருந்தால், அது ஊசி வழியாக நுழைந்த தோல் கிருமியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு செட் எடுக்கச் சொல்வதன் அருமை இங்கேதான் புரியும். ஆனால் இரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸோ, கிராம் நெகட்டிவ் கிருமியோ, கேண்டிடா பூஞ்சையோ வந்தால், ஒரே பாட்டிலாக இருந்தாலும் அலட்சியம் செய்யாதீர்கள்.

பிறகு நோயாளியிடம் போங்கள். போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன், கேஸ் ஷீட்டைப் புரட்டினால் போதாது. காய்ச்சல், இரத்த அழுத்தம், மூச்சு, காயத்தின் நிலை. வென்டிலேட்டர் குழாயிலிருந்து எடுத்த சளியில் அசினெட்டோபாக்டர் வளர்ந்திருக்கிறது, ஆனால் எக்ஸ்ரேயில் புதிதாக எதுவும் இல்லை, ஆக்சிஜன் தேவை கூடவில்லை, சளியின் தன்மை மாறவில்லை என்றால் அது குடியிருக்கும் கிருமியாக இருக்கலாம். அறிகுறி இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்தால் கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் இரத்தக் கசிவு ஏற்படக்கூடிய சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் மருந்து வேண்டும். மற்ற பெரும்பாலோருக்கு வேண்டாம்.

இப்போது கையை எடுத்துவிட்டு மருந்துப் பத்தியைப் பாருங்கள். அதிலும் முதலில் சில அடையாள வரிகளைத் தேட வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் செஃபாக்சிட்டின் ஆர் என்றால் அது எம்ஆர்எஸ்ஏ. செஃப்டரோலின் போன்ற ஓரிரண்டைத் தவிர பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பம் மொத்தமும் கைவிட்டுப் போயிற்று. ஈ.கோலையிலோ கிளெப்சியெல்லாவிலோ செஃப்ட்ரையாக்சோன் ஆர் என்றால் பெரும்பாலும் காரணம் இஎஸ்பிஎல், அதாவது பென்சிலின், செஃபலோஸ்போரின் மருந்துகளை வெட்டும் நொதி. அதே ரிப்போர்ட்டில் பைபராசிலின் டாசோபாக்டம் எஸ் என்று ஆசை காட்டும். இரத்தத் தொற்றில் அந்த ஆசைக்கு இணங்கக் கூடாது. 2018இல் வெளியான மெரினோ ஆய்வில், செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்காத இந்தக் கிருமிகளுக்கு அதைக் கொடுத்தவர்களில் 30 நாளில் இறந்தவர்கள் 12.3 சதவீதம். மெரோபெனம் கொடுத்தவர்களில் 3.7 சதவீதம். ரிப்போர்ட்டில் எஸ் என்று இருந்தாலே போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கார்பபெனம் குடும்பத்தைச் சேர்ந்த மெரோபெனமே ஆர் என்றால் லேபுக்கு போன் செய்து, அதை வெட்டும் நொதி எது என்று தெரியுமா எனக் கேளுங்கள். கேபிசி அல்லது ஆக்சா-48 என்றால் செஃப்டாசிடிம் அவிபாக்டம் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. என்டிஎம் என்றால் அது மட்டும் போதாது, அந்த நொதியை அவிபாக்டம் தொடுவதில்லை. ஆஸ்ட்ரியோனாமை என்டிஎம் வெட்டுவதில்லை. ஆனால் என்டிஎம் இருக்கும் கிருமியிடம் அதை வெட்டக்கூடிய வேறு நொதிகளும் வழக்கமாகக் கூடவே இருக்கும். அந்த வேறு நொதிகளை அடக்க அவிபாக்டம் வேண்டும். அதனால்தான் ஆஸ்ட்ரியோனாமையும் அவிபாக்டத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

எஸ், ஐ, ஆர் எழுத்துகளில் அதிகம் குழப்புவது ஐ. அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ தரநிலையைப் பின்பற்றும் லேபுகளும் உண்டு, ஐரோப்பாவின் யூகாஸ்ட் தரநிலையைப் பின்பற்றும் லேபுகளும் உண்டு. யூகாஸ்ட் 2019இல் ஐ என்பதன் பொருளையே மாற்றிவிட்டது. அதில் ஐ என்றால் "அதிக டோஸில் கேட்கும்" என்று அர்த்தம். அந்த முறையில் சாதாரண சூடோமோனாஸுக்குக்கூட பைபராசிலின் டாசோபாக்டம் ஐ என்றுதான் வரும். அதைப் பார்த்துப் பதறி மெரோபெனத்துக்குத் தாவியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் லேப் எந்த முறையில் எழுதுகிறது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொறி எம்ஐசி எண்கள். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச மருந்துச் செறிவுதான் எம்ஐசி. ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஈ.கோலையில் சிப்ரோஃப்ளாக்சசின் 0.5, மெரோபெனம் 1 என்று இருந்தால், எண் சிறியது என்பதால் சிப்ரோ மேல் என்று தோன்றும். உண்மையில் அந்த 0.5 எஸ் எல்லையைத் தாண்டிவிட்டது, மெரோபெனத்தின் 1 எஸ் எல்லைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் உடம்பில் எட்டக்கூடிய அளவு வேறு, அதனால் எல்லைக்கோடும் வேறு.

மருந்து தொற்று இருக்கும் இடத்துக்குப் போகுமா என்பதை ரிப்போர்ட் சொல்லாது, நீங்கள்தான் யோசிக்க வேண்டும். நைட்ரோஃபியூரன்டாயின் சிறுநீர்ப்பையில் மட்டும்தான் உதவும். இரத்தத் தொற்றுக்கும் சிறுநீரகத் தொற்றுக்கும் அது பயன்படாது. டாப்டோமைசினை நுரையீரலின் சர்ஃபாக்டன்ட் முடக்கிவிடும், அதனால் நிமோனியாவுக்கு ஆகாது. டைஜிசைக்ளின் இரத்தத்தில் போதுமான அளவு நிற்காது. ஸ்டஃபைலோகாக்கஸில் எரித்ரோமைசின் ஆர், கிளிண்டமைசின் எஸ் என்று வந்தால் டி டெஸ்ட் (எரித்ரோமைசின் பக்கத்தில் இருக்கும்போது கிளிண்டமைசினுக்கும் எதிர்ப்பு தூண்டப்படுகிறதா என்று பார்ப்பது) செய்தாயிற்றா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் அந்த எஸ் நம்பத்தக்கதல்ல.

ரிப்போர்ட்டில் இல்லாத மருந்துகளுக்கும் காரணம் இருக்கும். என்டரோகாக்கஸுக்கு செஃபலோஸ்போரின், கிளெப்சியெல்லாவுக்கு ஆம்பிசிலின், சூடோமோனாஸுக்கு செஃப்ட்ரையாக்சோன், புரோட்டியஸுக்கு கொலிஸ்டின் இவையெல்லாம் பிறவியிலேயே கேட்காதவை. நாங்கள் போட மறந்துவிட்டோம் என்று நினைத்து அந்த மருந்தை ஆரம்பித்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: மூன்றாம் நாள்

மருந்து ஆரம்பித்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள், அந்த ஆன்டிபயாடிக்கை யாரோ ஒருவர் மறுபடி கேள்வி கேட்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். ரவுண்ட்ஸில் பெரியவர்கள் அவசரத்தில் இருப்பார்கள். "சார், இன்று மூன்றாம் நாள், கல்ச்சர் வந்துவிட்டது" என்று ஜூனியர் ஒருவர் சொன்னால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். பல இடங்களில் இதைக் கவனித்து முதலில் சொல்வது செவிலியர்கள்தான்.

இங்கே நம்மைத் தடுப்பது பயம். "நல்லா ஆகிட்டு வர்றார், இப்ப எதுக்கு மாத்தணும்?" அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நோயாளிமேல் அக்கறை இருப்பதால் வருவது அது. ஆனால் குறிப்பிட்ட சில கிருமிகளை மட்டும் தாக்கும் குறுகிய மருந்து என்றால் பலவீனமான மருந்து என்று அதற்குள் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது, அது தவறு. எம்ஆர்எஸ்ஏவாக இருக்குமோ என்று வான்கோமைசின் ஆரம்பித்திருக்கிறோம். வந்தது மெதிசிலினுக்கு அடங்கும் சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதைக் கொல்வதில் வான்கோமைசினைவிட செஃபாசோலினும் குளோக்சாசிலினும் திறமையானவை. மாற்றாமல் விட்டால் எதிர்ப்பை வளர்ப்பதோடு அந்த நோயாளிக்கே குறைந்த சிகிச்சையைக் கொடுக்கிறோம்.

கல்ச்சர் நெகட்டிவ் என்பதும் ஒரு பதில்தான். மருந்துக்கு முன்பே சரியாக எடுத்த இரண்டு செட்டும் வளரவில்லை, நோயாளியும் தெளிவாக இருக்கிறார், வேறு காரணமும் கிடைத்துவிட்டது என்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம்.

எத்தனை நாள் கொடுப்பது என்பதையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். முடியும் தேதி எழுதாத மருந்து டிஸ்சார்ஜ் வரை ஓடிக்கொண்டே இருக்கும். இரத்தத் தொற்றுக்குப் பழக்கமாக 14 நாள் கொடுத்துவந்தோம். 2024இல் வெளிவந்த பேலன்ஸ் ஆய்வு 3,600க்கும் மேற்பட்ட நோயாளிகளில் 7 நாள் சிகிச்சை 14 நாளுக்குச் சளைத்ததல்ல என்று காட்டியது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அது இரத்தத்தில் வந்தால் குறைந்தது 14 நாள், இரத்தம் சுத்தமாகும்வரை திரும்பத் திரும்பக் கல்ச்சர், இதயத்துக்கு எக்கோ. வென்டிலேட்டர் நிமோனியாவுக்குப் பெரும்பாலும் 7 அல்லது 8 நாள் போதும். சீழ் தேங்கியிருந்தால் எந்தக் கணக்கும் செல்லாது, முதலில் அதை வெளியேற்ற வேண்டும்.

வாயால் சாப்பிடுகிறார், மாத்திரையில் நல்ல மருந்து இருக்கிறது என்றால் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றுங்கள். ஐ.வி. லைனும் அதோடு வெளியே வரும், ஒரு வாசல் மூடப்படும்.

ஆறாம் படி: கை

ஒரு ஐ.சி.யு.வில் ஒரே வகை அசினெட்டோபாக்டர் நாலு படுக்கையில் வந்தால், நாலு பேருக்கும் அது தனித்தனியாக முளைத்திருக்காது. யாரோ எடுத்துப் போயிருக்கிறோம். 1847இல் வியன்னாவில் செம்மெல்வைஸ் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னதும் பிரசவ வார்டில் தாய்மார்களின் மரணம் சரிந்தது. அப்போது பாக்டீரியா என்ற கருத்தே யாரிடமும் தெளிவாக இல்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்கள்: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறோம். மானிட்டர் பட்டனை மட்டும்தானே அழுத்தினேன் என்று தோன்றும். அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆல்கஹால் ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் வயிற்றுப்போக்கு உள்ளவரிடம் சோப்பும் தண்ணீரும்தான், அதன் ஸ்போர் எனப்படும் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. கிளவுஸ் போட்டுக்கொண்டே மூன்று நோயாளிகளைத் தொடுவது கை கழுவாமல் தொடுவதற்குச் சமம்.

கை கழுவும் சிங்க்கில் மிச்ச ஆன்டிபயாடிக்கையோ டிரிப் திரவத்தையோ ஊற்றாதீர்கள். அதன் வடிகாலில் சூடோமோனாஸும் கார்பபெனம் எதிர்ப்புக் கிருமிகளும் குடும்பமாக வாழும், தண்ணீர் தெறிக்கும்போது வெளியே வரும்.

தினமும் காலையில் ஒவ்வொரு குழாயைப் பார்த்தும், "இது இன்றைக்கும் தேவையா?" என்று கேளுங்கள். மிச்சிகனில் 100க்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் கை கழுவுதல், முழு மறைப்புத் துணி, குளோரெக்சிடின், தொடை இரத்தக் குழாயில் லைன் போடுவதைத் தவிர்த்தல், தேவையற்ற லைனை எடுத்தல் என்ற ஐந்தை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள். லைன் வழி இரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006இல் வெளியிட்டார்கள். புதிய மருந்து எதுவும் அதில் கிடையாது.

ஏழாம் படி: லேபுக்கு போன் செய்யுங்கள்

தயங்காதீர்கள். நோயாளியின் வயது, தொற்றின் இடம், எந்தக் குழாய் எத்தனை நாள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், அலர்ஜி, இப்போது ஏறும் மருந்து, நேற்றைக்கு இன்று எப்படி இருக்கிறார் என்பதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிடலாம். ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு மருந்தைச் சோதிக்க வேண்டும் என்றால் சீக்கிரமே கேளுங்கள். கிருமி வளர்ந்த பிளேட்டைச் சில நாள் மட்டும்தான் எடுத்து வைத்திருப்போம், அப்புறம் ஆட்டோகிளேவுக்குப் போய்விடும்.